வாரியத்தில் யாரும் சாவதில்லை

குற்றாலத்தில் சாரல் விழ இன்னும் பதினொரு நாள் இருக்கும்போது மாரித்தாய் இல்லாமல் போனாள். போனது அவளுக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காலையில் மேலகரத்து வீட்டில் வழக்கம்போல எழுந்தாள். பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறது என்று சண்டை பிடித்தாள். காப்பியைக் குடித்து முடித்து, சீசன் கடைக்கு அனுமதிச் சீட்டு வாங்கத் தென்காசிக்கு பஸ் ஏறினாள். இல்லாதவள் செய்கிற காரியங்களா இவை?

அவளுக்குப் பெரிய அருவிக்குப் போகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடை. கடை எண் பதினேழு. துண்டு, டவுசர், எண்ணெய்ப் பாக்கெட், சோப்பு. குளிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் துண்டை மறந்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த மறதியில்தான் மாரித்தாய் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதித்தது. இருபத்திரண்டு வருஷம் கடையை நடத்தியவர் அவள் புருஷன் செல்லச்சாமி. போன தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திரிக்கவில்லை. இனி கடை அவளுடையது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாரித்தாய்க்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. அதைக் குணம் என்று சொல்ல முடியாது, தொழில் கற்றுக்கொடுத்தது. டவுசரைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே அருவியில் போய் நின்று, நனைந்த டவுசரைத் திருப்பிக் கொடுத்து 'சைஸ் சரியில்லக்கா' என்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பதினெட்டாம் எண் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் செல்லப்பா அண்ணாச்சி, ஒரு சீசனில் தன் பந்தல் கம்பை ஒரு முழம் அவள் பக்கம் நகர்த்தி நட்டதையும் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து கண்ணை மூடினால் இடம் போய்விடும் என்று ஒரு பயம்.

அந்தப் பயத்தில்தான் புருஷன் இறந்த முப்பதாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு, யாராவது முந்திக்கொண்டு போய் எதையாவது சொல்லிவிடப் போகிறார்கள் என்று, அவளே போய் இறப்புச் சான்றிதழின் நகலை வாரியத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அப்படி ஒரு காரியத்தை அந்தப் படிக்கட்டுக் கடைக்காரர்களில் இதுவரை ஒருவரும் செய்ததில்லை. அது அவளுக்குத் தெரியாது.

வாரியம் என்றால், 'அருவிக்கரைப் பருவகாலக் கடைகள் முறைப்படுத்தும் வாரியம்'. பெயர்ப்பலகை மாடிப்படி அகலத்துக்கு மேல் நீண்டு, 'யம்' என்ற எழுத்துகள் மட்டும் பக்கத்து உரக்கடையின் தலைக்கு மேல் நிற்கும். அதற்கு முன்பெல்லாம் ஒரு நீள நோட்டு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் நோட்டை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி போர்த்தினார்கள். வாரியத்துக்குப் பெருமை வந்துவிட்டது.

வாசலில் டோக்கன் மெஷின். 'கடை எண்ணை அழுத்தவும்' என்றது. பதினேழை அழுத்தினாள். 'அப்படி ஓர் எண் இல்லை' என்றது.

"நம்பர் இல்லாம உள்ள விட முடியாதும்மா" என்றார் காவலாளி.

"நம்பர் இல்லன்னு சொல்லுதே, அது ஏன்னு கேக்கத்தான் போறேன்."

"அதைக் கேக்கதுக்கும் டோக்கன் வேணும்லா."

மாரித்தாய் மெஷினை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள். உள்ளே ஆள் எவனும் உட்கார்ந்திருக்கிறானோ என்று ஒரு சந்தேகம். அந்த நேரம் பார்த்து செல்லப்பா அண்ணாச்சி படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டார், பதினெட்டை அழுத்தினார். மெஷின் கிறீச்சென்று ஒரு தாளைத் துப்பியது: 'சொக்கலிங்கம், வயது 112. உடன் வருபவர்கள்: இருவர்.'

"யாரு அண்ணாச்சி சொக்கலிங்கம்?"

"எங்க தாத்தா. கடை அவரு பேர்லதான் கெடக்கு. பேசாம வா தங்கச்சி."

உதவி செய்கிறாரே, எதற்குச் செய்கிறார் என்று யோசித்துக்கொண்டேதான் அவள் படியேறினாள்.

உள்ளே செயலாளர் இசக்கியப்பன் இருந்தார். வயது ஐம்பத்தாறு. டேட்டாபேஸ் வடிவமைப்பது எப்படி என்று மதுரையில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். மூன்று நாளில் இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. ஆனாலும் சான்றிதழில் மூன்று நாள் என்றுதான் போட்டிருந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். அதற்குப் பக்கத்தில் அவரே வரைந்த வரைபடம், ஃப்ளெக்ஸில், ஆள் உயரத்துக்குத் தொங்கியது. நடுவில் 'கடைக்காரர்' என்று ஒரு பெட்டி. அதிலிருந்து கோடுகள் கிளம்பி 'குடும்பத்தார்', 'கடை', 'அனுமதி', 'பந்தல்' என்ற பெட்டிகளில் போய் முட்டின. மூலையில் இசக்கியப்பன் கைகூப்பியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் செல்லச்சாமி வீட்டுக்காரி. பதினேழாம் நம்பர் கடை."

"ஷாரோன், தேடும்மா" என்றார் இசக்கியப்பன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஷாரோன் என்ற பெண் தட்டினாள். இசக்கியப்பன் திரையை மாரித்தாய் பக்கம் திருப்பினார், தாலி எடுத்துக் காட்டுகிற மாதிரி பயபக்தியோடு.

"பாத்தீங்களாம்மா? மாரித்தாய்ன்னு தேடுனா ஜீரோ ரெக்கார்டு. நீங்க இல்ல."

"இங்கன நிக்கேம்லா சார்!"

"நிக்கலாம். யாரு வேணும்னாலும் நிக்கலாம். எந்த டேபிள்ல நிக்கீங்க, அதைச் சொல்லுங்க."

மாரித்தாய் பக்கத்திலிருந்த மேஜையைப் பார்த்தாள். செல்லப்பா அண்ணாச்சி அவள் முழங்கையைத் தொட்டு, "அவிய கம்ப்யூட்டருக்குள்ள இருக்க பட்டியலைச் சொல்லுதாவ" என்றார்.

விஷயத்தைப் புரிகிற மாதிரி சொன்னது ஷாரோன்தான். "அக்கா, நீங்க சான்றிதழ் குடுத்தியள்லா, அதை வச்சு அண்ணன் ரெக்கார்டை நான் அழிச்சேன். அவரு தகப்பன் ரெக்கார்டு. அவரோட சேந்த பிள்ளை ரெக்கார்டு எல்லாம் கூடவே தானா அழிஞ்சிட்டு. நீங்க, உங்க மக செண்பகவல்லி, கடை, பந்தல் எல்லாமே."

"நான் அவருக்குப் பொண்டாட்டி. பிள்ளை எப்படி ஆவேன்? அவரு போனா நான் ஏன் போவணும்?"

"கோடு போடும்போது ஒரு சின்னக் கட்டத்துல டிக் போட்டா அப்படித்தான்க்கா அழியும்."

"யாரு போட்டா அந்த டிக்கை?"

ஷாரோன் விசைப்பலகையைப் பார்த்தாள். இசக்கியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் போட்டேன். கட்டம் காலியா கெடந்தது. அரசு சார்ந்த நிறுவனத்துல எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாது. அது முறை."

"சரி சார், ஆனது ஆச்சு. திரும்ப எழுதிருங்க."

இசக்கியப்பன் எழுந்து ஃப்ளெக்ஸ் பக்கம் போனார். ஸ்கேலை எடுத்தார். இந்த ஸ்கேலை அவர் எடுத்தால் முக்கால் மணி நேரம் என்று வாரியத்தில் எல்லாருக்கும் தெரியும். காவலாளிகூட டீ குடிக்கப் போய்விடுவார்.

"அம்மா, உணர்ச்சிவசப்படாம கேளுங்க. உங்களைக் குடும்பத்தார் பெட்டியில எழுதணும்னா, கடைக்காரர் பெட்டியில ஒரு ஆள் இருக்கணும். அனாதையா ஒரு ரெக்கார்டு நிக்க சிஸ்டம் சம்மதிக்காது. உங்களையே கடைக்காரரா எழுதணும்னா, நீங்க பழைய கடைக்காரரோட வாரிசா இருக்கணும். வாரிசுன்னா குடும்பத்தார் பெட்டியில பேர் இருக்கணும். அதுல நீங்க இல்ல. ஏன் இல்ல? கடைக்காரர் இல்ல. எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தீங்களா? மதுரையில இதைப் பாத்து பயிற்சியாளரே ரெண்டு நிமிசம் பேச்சு மூச்சு இல்லாம நின்னாரு."

"அதே பதினேழாம் நம்பர்ல அவரை மறுபடி..."

"நம்பர் தானா விழுறது. போன நம்பர் வராது. அதுக்குப் பேரு பிரைமரி கீ. ஒருத்தருக்கு ஒண்ணு. வேணும்னா புது விண்ணப்பமா போடுங்க, இருநூத்திப் பன்னெண்டாவது நம்பர் வரும். கார் நிறுத்துற இடத்துக்குப் பின்னால இடம் ஒதுக்கலாம்."

கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் யார் துண்டு வாங்குவார்கள்? அங்கே வருகிறவன் ஏற்கெனவே குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, கார் சாவியைத் தேடுகிறவன்.

"அப்ப என் இடம்?"

"பதினேழு காலி இடம்னு ரிப்போர்ட் வந்துட்டு. வெள்ளிக்கிழமை குலுக்கல்."

"பழைய காப்பி எடுத்து வச்சிருப்பியள்லா? கம்ப்யூட்டர்னா காப்பி எடுப்பாவன்னு எம்மக சொல்லுவா."

"தினமும் எடுக்கோம்" என்றார் இசக்கியப்பன், நெஞ்சை நிமிர்த்தி. "ஒருநாள் தவறினதில்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அதே பேர்ல, அதே இடத்துல, நேத்தைய காப்பிக்கு மேலேயே எடுக்கோம். இடம் மிச்சம்."

ஆக, அவளை அழித்த அன்றைக்குச் சாயங்காலமே அவள் அழிந்ததையும் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் அவள் சொக்கலிங்கம் தாத்தாவின் விருந்தாளியாகத்தான் படியேறினாள். இந்த முறை இசக்கியப்பனின் முகம் இறுகிக் கிடந்தது. கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. உங்களை யாரு அனுப்புனா?"

"யாரு அனுப்பணும்? பஸ்லதான் வந்தேன்."

"வாரியம் தொடங்கி ரெண்டு வருசம். எங்க ரிப்போர்ட்டுல இறப்பு பூஜ்யம். ஒரு கடைக்காரர்கூடச் சாகல. கடைக்காரர்களோட சராசரி வயசு எண்பத்தேழு. மூத்தவர் நூத்தி முப்பத்தொண்ணு. இதைப் பாத்துட்டு மேலிடத்துல இருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. அருவித் தண்ணியில மூலிகை கலந்து வருதுல்லா, அதனாலதான்னு நான் ஒரு கட்டுரையே எழுதி அனுப்பியிருக்கேன். இந்த நிலைமையில நீங்க வந்து ஒரு சாவைக் குடுக்கீங்க. அதுவும் ஐம்பத்து நாலு வயசுல! சராசரி ஆயுள் எப்படி விழுந்துச்சு தெரியுமா? எங்க பேரைக் கெடுக்க எவனோ உங்களைத் தூண்டிவிட்டிருக்கான்."

"எம்புருசன் செத்தது உங்க பேரைக் கெடுக்கவா சார்?" மாரித்தாய் மேஜையில் கையை ஊன்றினாள். "கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மாரி, மூச்சு முட்டுது'ன்னாரு. ஆட்டோ வாரதுக்குள்ள..."

"வருத்தமாத்தான் இருக்கு" என்றார் இசக்கியப்பன். அவர் சொன்னது உண்மை. அவர் பார்வை சுவரில் ஒட்டியிருந்த சராசரி ஆயுள் படத்தில், சட்டென்று கீழே சரிந்த கோட்டின் மேல் இருந்தது. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "ஒரு வழி இருக்கு. படிவம் ஒன்பது. 'தவறுதலாகத் தெரிவிக்கப்பட்ட தகவலைத் திரும்பப் பெறுதல்.' இறப்புத் தகவலை வாபஸ் வாங்கிட்டா, அவரைக் கடைக்காரரா எழுதிரலாம். பழைய நம்பரை எப்படிப் போடணும்னு மதுரைக்கு போன் பண்ணி நான் கேட்டுக்கிடுதேன். வியாழக்கிழமைக்குள்ள கையெழுத்தோட வரணும்."

"நேத்து நம்பர் வராதுன்னிய?"

"சாவு பூஜ்யம் ஆவும்னா நம்பர் வரும்."

"நான் கையெழுத்துப் போட்டாப் போதுமா?"

"நீங்க எப்படிப் போட முடியும்? நீங்கதான் இல்லையே. கடைக்காரர்தான் போடணும்."

மாரித்தாய் தாளை அங்கேயே வீசிவிட்டு இறங்கிவிட்டாள். கூடவே உள்ளே இருந்த செல்லப்பா அண்ணாச்சி பின்னாலேயே வந்து உரக்கடைக்குப் பக்கத்து டீக்கடையில் அவளைப் பிடித்தார். படிவத்தை அவர் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நீரு என் இடத்துக்குக் குறிவச்சுத்தான் கூடவே அலையுதீரு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீராக்கும். அன்னைக்கு ஒரு முழம், இன்னைக்கு முழுக்கடையும் வேணுமோ?"

"ஏட்டி கூறுகெட்டவளே" என்றார் அவர், கோபமில்லாமல். "உன் இடத்தை வச்சு நான் என்ன செய்ய? என் பயமே வேற. எங்க தாத்தா செத்து இருபத்தாறு வருசம். நானும் எங்கப்பாவும் சேந்துதான் தூக்கிட்டுப் போனோம். அப்பாவும் போயிட்டாரு. ஆனா நோட்டுல தாத்தா பேருதான் இருந்துச்சு; மாத்தப் போனா அந்தச் சான்று கொண்டா, இந்தச் சான்று கொண்டான்னு இழுத்தடிப்பாவன்னு அப்படியே விட்டுட்டோம். நோட்டுல இருந்தவரை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாவ. நான் மட்டும் இல்ல, படிக்கட்டுல பாதிக்கடை அப்படித்தான். நாங்கெல்லாம் செத்தவங்களை வச்சுப் பொழைக்கோம். நீ ஒருத்தி போய் உண்மையைச் சொல்லிட்டு வந்து நிக்க. இனி நாளைக்கு அந்த மனுசனுக்குச் சந்தேகம் வந்து ஒவ்வொரு கடையா விசாரிச்சாருன்னா, அத்தனை வீட்டுலயும் ஒரே நாள்ல சாவு விழும்."

முதல்முறையாக ஒரு மனுஷன் தன் சுயநலத்தை ஒளிக்காமல் சொல்லக் கேட்டதில் அவளுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"அதுக்காக அவரு உசிரோட இருக்காருன்னு எழுதச் சொல்லுதீரா? நான்தானே வாய்க்கரிசி போட்டேன். இந்தக் கையாலதானே..."

"தெரியும் தங்கச்சி. நானும் சுடுகாட்டுல நின்னேம்லா. கார் நிறுத்துற இடத்துல போயி உக்காந்தா அவரு திரும்பி வந்திருவாரா? செண்பகவல்லி நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் இருக்குல்லா?"

இரண்டு நாள் அவள் தாளைத் தொடவில்லை. அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதை முறைத்தாள். வியாழக்கிழமை காலையில் பேனாவை எடுத்தாள். செல்லச்சாமி கையெழுத்துப் போடும்போது முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசி எழுத்து வருவதற்குள் இடம் போதாமல் மேலே ஏற்றிவிடுவார். அதே மாதிரி போட்டாள். போட்டு முடித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இசக்கியப்பன் கையெழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அசல்தான்" என்றார். அரை மணி நேரத்தில் அனுமதிச் சீட்டு வந்தது. 'கடை எண் 17. கடைக்காரர்: செல்லச்சாமி. நிலை: உயிருடன் உள்ளார். குடும்பத்தார்: எவருமில்லை.'

"சார், நான் இன்னும் இதுல இல்லையே?"

"அவசரப்படாதீங்கம்மா. கடைக்காரரை நேர்ல வந்து உங்களைச் சேக்கச் சொல்லி ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க. செஞ்சிரலாம்."

சாரல் நல்லபடியாக விழுந்தது. ஆனி பிறந்ததும் கூட்டம் அலைமோதியது. துண்டு அடுக்க நேரமில்லை. சீசன் சூடுபிடித்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நேரடிச் சரிபார்ப்பு என்று இசக்கியப்பன் குடையோடு வந்தார். பின்னாலேயே ஷாரோன், கையில் டேப்லெட்டை பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கடைக்காரரையும் கண்ணால் பார்த்து, 'வியாபாரம் செய்கிறார்', 'குளிக்கச் சென்றுள்ளார்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவதாக 'இறந்துவிட்டார்' என்று ஒன்று இருந்தது. அது சிக்கலுக்கு இடம் கொடுக்கிறது என்று இசக்கியப்பன் போன மாதமே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

மேலே இருந்து படிப்படியாக இறங்கி வந்தார்கள். பதினெட்டாம் கடையில் செல்லப்பா அண்ணாச்சி, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தாத்தா குளிக்கப் போயிருக்காரு சார்" என்றார். ஷாரோன் தொட்டாள்.

"இதோட நாப்பது பேரு" என்றார் இசக்கியப்பன். "வயசான காலத்துலயும் தினமும் அருவிக் குளியல்! இதைத்தான் நான் கட்டுரையில எழுதுனேன். அடுத்து பதினேழு. எங்கம்மா செல்லச்சாமி?"

மாரித்தாய் மடித்துக்கொண்டிருந்த துண்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். மேலே அருவி இரைந்தது. ஒரு வரி போதும், உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் நாற்பது வீட்டில் சாவு விழும்.

"குளிக்கப் போயிருக்காவ, சார்."

ஷாரோன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பத்தொன்று என்று விழுந்தது.

இசக்கியப்பன் சந்தேகத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காலையில ஒன்பது மணிக்கு இந்தப் பக்கமாப் போனேன், அப்பவும் அவரைக் காணும். இவ்வளவு நேரமா ஒரு மனுசன் குளிப்பான்? தண்ணி தலையில எறங்கிரும், வரச் சொல்லுங்கம்மா."

"கூப்பிட்டுப் பாத்தேன் சார்" என்றாள் மாரித்தாய். "வரமாட்டேங்காவ."